ஓட்டாஞ்சில்லுச் சனங்கள்

நேக் சந்த் சைனி எந்தச் சிற்பக் கல்லூரியிலும் படிக்கவில்லை. எந்த ஸ்தபதியிடமும் உளி பிடித்துப் பழகவில்லை. சண்டிகர் பொதுப்பணித் துறையில் ரோடு இன்ஸ்பெக்டர் உத்தியோகம். பகலில் தார்ச்சாலை வேலையை மேற்பார்த்தார். பொழுது சாய்ந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த புதர்க்காட்டுக்குள் போய், உடைந்த வளையலையும் பீங்கான் சில்லையும் சிமெண்டில் பதித்து மனிதர்களைச் செய்தார். பதினைந்து ஆண்டுகள் போல இந்த வேலை அரசாங்கத்தின் கண்ணில் படாமலே நடந்தது. அப்படி உருவானதுதான் சுக்னா ஏரிக்கும் சட்டமன்ற வளாகத்துக்கும் நடுவே இன்று ‘ராக் கார்டன்’ என்று அறியப்படும் இடம். தானே கற்றுக்கொண்ட ஒருவர் இந்தியாவில் செய்த சிற்ப வேலைகளில் இதைவிடப் பெரியதும், இதைவிடச் சிரிப்பூட்டுவதும் வேறில்லை.

1924 டிசம்பர் 15 அன்று, பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில், ஷகர்கர் வட்டத்தைச் சேர்ந்த பரியான் கலான் என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. ராஜா, ராணி, தேவதை, பேசும் மிருகம் என்று தாயார் சொன்ன கதைகளும், ஆற்றங்கரையில் கிடந்த கல்லையும் களிமண்ணையும் வைத்து ஆடிய ஆட்டமும்தான் அவருடைய முதல் பள்ளிக்கூடம். 1947-ல் எல்லைக்கோடு விழுந்தபோது குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியப் பக்கம் வந்து சேர்ந்தது. 1950களின் தொடக்கத்தில் சண்டிகரில் வேலை கிடைத்தது.

சண்டிகரும் அந்தப் பிரிவினையில் பிறந்த ஊர்தான். லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டதால் இந்தியப் பஞ்சாபுக்குப் புதிதாக ஒரு தலைநகர் வேண்டியிருந்தது. 1951 முதல் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே அதன் வடிவமைப்பை ஏற்றார். சதுரம் சதுரமாக செக்டர்கள், நேர்கோட்டுச் சாலைகள், பூச்சில்லாத கான்கிரீட் கட்டடங்கள், நகரைச் சுற்றி எதுவும் கட்டக் கூடாது என்று ஒதுக்கிய பசுமை வளையம். இந்த நகருக்காகப் பல கிராமங்கள் காலி செய்யப்பட்டு இடிக்கப்பட்டன. வீடுகள் போனபின் தரையில் மிஞ்சியது உடைந்த ஓடு, சட்டி, பானை, வளையல், வண்டிச் சக்கரம். புது நகரம் எழும்ப எழும்ப அதன் பங்குக்கும் குப்பை சேர்ந்தது: வளைந்த கம்பி, காலி தார் டிரம், உடைந்த கழிவறைப் பீங்கான், மின்சாரப் பொருத்துகள். இந்த இரண்டு குப்பைகளும் நேக் சந்தின் கைக்கு வந்தன. இடிக்கப்பட்ட ஊரின் பொருளும் கட்டப்படும் ஊரின் கழிவும் ஒரே உருவத்தின் மேனியில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுவே.

கொர்புசியே அந்த நகருக்கு எழுதிவைத்த சாசனத்தில் ஒரு விதி உண்டு. தனிமனிதர்களுக்குச் சிலை வைக்கும் காலம் முடிந்துவிட்டது. சண்டிகரின் பூங்காக்களிலோ வீதிகளிலோ அப்படிச் சிலைகள் கூடாது. யாரையாவது நினைவுகூர வேண்டுமானால் வெண்கலத் தகடு போதும். முச்சந்திக்கு முச்சந்தி தலைவர்களை நிறுத்தி, பிறகு அவர்களைச் சுற்றிக் கம்பிக்கூண்டும் போட்டுப் பூட்டி வைத்திருக்கும் தென்மாவட்டக்காரர்களுக்கு இந்த விதி கொஞ்சம் பொறாமையூட்டக் கூடியது. ஆனால் அதே நகரின் தலைமாட்டில், சட்டமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் கூப்பிடு தூரத்தில், பேரில்லாத சிலைகள் ஆயிரக்கணக்கில் இருட்டில் பெருகிக்கொண்டிருந்தன. சாசனம் தனிமனிதர் சிலையைத்தான் தடுத்தது. கூட்டத்தை அது எதிர்பார்க்கவில்லை.

1958 வாக்கில் அவர் சேகரிக்கத் தொடங்கினார். முதல் ஏழு ஆண்டுகள் சேகரிப்பு மட்டும்தான். சுக்னா ஓடை, பாட்டியாலி ராவ், கக்கர் ஆற்றுப் படுகைகளில் கிடைத்த விநோத வடிவக் கற்களை, பறவை போல ஒன்று, குந்தியிருக்கும் ஆள் போல ஒன்று என்று பொறுக்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக் காட்டுக்குக் கொண்டுவந்தார். பொதுப்பணித் துறைக் கிடங்கை ஒட்டிய குடிசை ஒன்று குவியலுக்கு இடமானது. 1965 வாக்கில் உருவங்கள் செய்யத் தொடங்கினார். கொர்புசியே இறந்த ஆண்டும் அதுவே. இரவு வேலைக்கு வெளிச்சம் பழைய டயரைக் கொளுத்தியதில் கிடைத்தது. இடமோ அரசு நிலம், அதிலும் கட்டக் கூடாத வளையம். அகப்பட்டால் வேலை போகும், செய்ததெல்லாம் தரைமட்டமாகும். அவருடைய மனைவியையும் மிக நெருங்கியவர்களையும் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது.

செய்முறையைப் பார்த்தால் அது சிற்பியுடையதாக இல்லை, கொத்தனாருடையதாக இருக்கிறது. முதலில் கம்பிக்கூடு. கட்டட வேலையில் மிஞ்சிய இரும்புக் கம்பி, குழாய், சைக்கிளின் பாகங்கள் எல்லாம் எலும்பாயின. சைக்கிள் ஃபோர்க் காலானது, ஹேண்டில்பார் கொம்பானது, சீட்டு மிருகத்தின் தலையானது. அதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்த கலவையை அப்பி உடம்பு எழுப்ப வேண்டும். கடைசியில் நைசான சிமெண்ட் பூச்சு. அந்தப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே மேனி முழுக்கச் சில்லுகளைப் பதித்துவிட வேண்டும், இறுகிவிட்டால் பிடிக்காது. ஆகவே யோசித்து யோசித்துச் செய்ய நேரமில்லை. பெண்களுக்கு வளையல் துண்டுகளில் பாவாடை. ஆண்களுக்குப் பீங்கான் சில்லில் சட்டை. வார்ப்பட ஆலையிலிருந்து வந்த இரும்புக் கசடில் கரடுமுரடான கறுத்த தோல். சில தலைகளில் முடிதிருத்தும் கடையில் வாரிய நிஜ முடியே இருக்கிறது. டிரம்முக்குள் கான்கிரீட்டை ஊற்றி இறுகவைத்து அடுக்கினால் சுவர். பீங்கான் மின்பொருத்துகளை வரிசையாகப் பதித்தால் இன்னொரு சுவர்.

முகங்களில்தான் அவர் மிகக் குறைவாகச் செய்தார். கண்ணுக்கு இரண்டு சில்லு, மூக்குக்கு ஒரு கிள்ளு, வாய்க்கு ஒரு கீறல். ஆயிரம் முகமும் ஏறக்குறைய ஒரே முகம். தேர்ச்சி பெற்ற சிற்பி ஒருவர் இதைக் குறை என்று சொல்லியிருப்பார். ஆனால் இந்தத் தோட்டத்தின் நகைச்சுவை அங்கேதான் குடியிருக்கிறது. ஒரு சிலை தனியாக, உணர்ச்சியற்ற முகத்தோடு நின்றால் அது வெறும் பொம்மை. அதே முகத்தோடு ஐம்பது பேர் மேட்டில் வரிசை கட்டி நின்று, எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தால், எதிரில் வந்து நிற்கிற பார்வையாளர்தான் வேடிக்கைப் பொருளாகிவிடுகிறார். நாட்டியமாடும் பெண்கள், குடம் தூக்குபவர்கள், படைவீரர்கள், குரங்குக் கூட்டம், கரடிக் கூட்டம், தோகையில்லாத மயில்கள் என எல்லாருமே எதற்காகவோ அழைக்கப்பட்டுக் கூடிவிட்டு, அழைத்தவர் இன்னும் வரவில்லையே என்று காத்திருக்கும் தோரணையில் இருக்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் முதல் இலை விழுவதற்கு முன்பு உட்கார்ந்திருக்கும் முகங்கள்.

சிரிப்புக்கு இன்னொரு காரணம் பொருள்களின் பழைய பிழைப்பு. வெண்கலத்தில் வார்த்த உருவத்தில் வெண்கலம் தன்னை மறைத்துக்கொள்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அது சிவனாகவோ தலைவராகவோ மாறிவிடுகிறது. நேக் சந்தின் உருவங்களில் எந்தப் பொருளும் தன் பூர்வோத்திரத்தை மறைப்பதில்லை. கம்பீரமாக நிற்கும் ஒரு பிரபுவின் மார்பில் கழிவறைத் தொட்டியின் துண்டு தெரிகிறது. ராஜகுமாரியின் இடுப்பில் தேநீர்க் கோப்பையின் பிடி துருத்திக்கொண்டிருக்கிறது. பார்வை ஒரு கணம் ராஜகுமாரியைப் பார்க்கிறது, மறுகணம் கோப்பையைப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே மனம் தாவிக்கொண்டே இருப்பதில் கிச்சுக்கிச்சு மூட்டப்படுகிறது. குழந்தைகள் இதை உடனே பிடித்துக்கொள்கின்றன. கலை விமர்சகர்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் பிடித்தார்கள்.

இதை ‘வெள்ளந்தித்தனம்’ என்று சொல்லிக் கடந்துபோகும் பழக்கம் உண்டு. அது சரியில்லை. தோட்டத்துக்குள் நுழையும் வாசல்களையும் ஒரு முற்றத்திலிருந்து அடுத்த முற்றத்துக்குப் போகும் வழிகளையும் அவர் வேண்டுமென்றே தாழ்வாக அமைத்தார். இது தேவர்களின் ராஜ்ஜியம், குனிந்துதான் வர வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அமைச்சரும் நீதிபதியும் தலை குனிந்து உள்ளே வர, உள்ளே நிமிர்ந்து நிற்பவர்கள் வளையல் சில்லில் செய்த ஊர்ச்சனங்கள். இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்தவரை வெள்ளந்தி என்று சொல்ல முடியாது.

தமிழ்நாட்டுச் சிற்ப மரபை அறிந்தவருக்கு இந்தக் குறும்பு அந்நியமானதல்ல. சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டி போகும் வழியில் கழுகுமலை இருக்கிறது. அங்கே பாண்டியர் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து முடிக்காமல் விட்ட வெட்டுவான் கோயிலில், மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியின் அழகைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் கொடுங்கைக்குக் கீழே உள்ள பூதகணங்களையும் பார்க்க வேண்டும். தொந்தியும் குட்டைக் காலும் விரிந்த வாயுமாக ஒன்று ஆடுகிறது, ஒன்று பாடுகிறது, ஒன்று பக்கத்துப் பூதத்திடம் எதையோ கிசுகிசுக்கிறது. சிற்ப நூல்கள் முக நீளத்தை அலகாக வைத்துத் தெய்வங்களுக்குத் தாளக்கணக்கு வகுத்தபோது பெரிய தெய்வங்களுக்கு ஒன்பது, பத்துத் தாளம் கொடுத்தன. பூதங்களுக்குக் குறைந்த தாளம் போதும் என்றன. முகத்துக்கு உடம்பு சிறுத்துவிடுவதால் பூதம் பிறக்கும்போதே கோமாளியாகப் பிறக்கிறது. மாமல்லபுரத்தின் பெரிய பாறைச் சிற்பத்தில், தவசியின் அருகே இல்லாமல் கீழே, எலிகள் சூழப் பின்னங்கால்களில் நின்று தவம் செய்கிற பூனையைச் செதுக்கியவரும் இதே விளையாட்டை அறிந்தவர். தாராசுரத்தில் இரண்டாம் ராஜராஜன் எடுத்த கோயிலில் ஒரே தலை யானைக்கும் காளைக்கும் பொதுவாக அமைந்திருக்கிறது. ஒரு பக்கத்தை மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை.

இவை எல்லாம் இருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். கொடுங்கை, அதிட்டானம், தூணின் அடி, படிக்கட்டின் கைப்பிடி. கருவறையில் சிரிப்புக்கு இடமில்லை. கோஷ்டத்திலும் அநேகமாக இல்லை. அளவுக்கும் ஆகமத்துக்கும் கட்டுப்பட்ட கை, ஓரத்துக்கு வந்ததும் கொஞ்சம் சோம்பல் முறித்துக்கொள்கிறது. தேர்ந்த சிற்பிகளின் நகைச்சுவை ஓரத்தின் நகைச்சுவை. நேக் சந்துக்கு நடு என்று ஒன்று இல்லை. மூலவர் இல்லாத கோயிலின் பூதவரி முழுவதையும் கழற்றித் தரையில் இறக்கி, நடமாடவிட்டதைப் போன்றது அவருடைய தோட்டம். பயிற்சி அவருக்குக் கொடுக்காமல் போனது இந்த நடு–ஓரம் என்ற பாகுபாட்டைத்தான். அது கிடைக்காமல் போனது நல்லதாயிற்று.

வெட்டுவான் கோயிலைப் பற்றி ஊரில் ஒரு கதை சொல்வார்கள். தந்தையும் மகனும் சிற்பிகள். மகனுடைய வேலை தன்னுடையதை மிஞ்சிவிட்டதாக ஊர் பேசுவதைக் கேட்டுத் தந்தை அவனைச் சுத்தியலால் அடித்துக் கொன்றுவிட்டார். கோயில் முடியாமல் நின்றது. வரலாறாக இதற்கு மதிப்பில்லை. ஆனால் கைத்திறன் பரம்பரையாக வரும் உலகில் ஒருவனுடைய முன்னேற்றம் இன்னொருவனுடைய அவமானம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. தானே கற்றவருக்கு மிஞ்சுவதற்கு ஆசானும் இல்லை, பயப்படுவதற்கு மகனும் இல்லை. மோசமாகச் செய்ய அவருக்கு முழு உரிமை உண்டு. தோட்டத்தின் முதல் உருவங்கள் பல மோசமானவைதான். கால் வளைந்து, கழுத்து இல்லாமல். அவர் அவற்றை உடைக்கவில்லை. கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார். கூட்டத்தில் சேர்ந்ததும் கழுத்தில்லாதவனும் ஒரு ஆளாகிவிட்டான்.

வயற்காட்டில் வைக்கோல் திணித்த சட்டை, கவிழ்த்த சட்டித் தலை, சுண்ணாம்புக் கண் என நிற்கும் சோளக்கொல்லை பொம்மையும், கட்டி முடியாத வீட்டு மாடியில் கொடுவாள் மீசையோடு தொங்கும் திருஷ்டி பொம்மையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. விவசாயியோ சித்தாளோ கையில் அகப்பட்டதை வைத்து அரை மணியில் செய்துவிடுகிற உருவங்கள் இவை. பயமுறுத்துவதற்கென்று வைத்தாலும் சிரிப்பாகவே முடிந்துவிடுகின்றன. கண்ணேறு போட வருகிறவனின் பார்வையைச் சிரிப்பால் திருப்பிவிடுவதுதான் உத்தி என்றும் சொல்லலாம். சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயில் வாசல் கடைகளில் பாம்பும் தேளும் பொறித்த காணிக்கைத் தகடுகள் குவிந்து கிடக்கும். ஒன்றைத் தனியாக எடுத்துப் பார்த்தால் பாமரமான கோடு. குவியலாகப் பார்க்கும்போதுதான் அதற்கு வலு. நேக் சந்த் இவற்றில் எதையும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பஞ்சாபிலும் இவற்றுக்கு ஈடானவை இருந்தன. கலைக்கூடம் போகாத மனிதருக்கு உருவம் செய்யும் கலை ஆதாரமே இல்லாமல் வானத்திலிருந்து விழுவதில்லை.

தானே கற்றவர் என்பதற்கும் இங்கே ஒரு வரையறை வேண்டும். கலவையில் எவ்வளவு மணல், எத்தனை நாள் நீர் தெளிக்க வேண்டும், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும், மண் சரியாமல் இருக்கத் தாங்குசுவரை எப்படி எழுப்ப வேண்டும் என்பதெல்லாம் ரோடு இன்ஸ்பெக்டருக்குத் தொழில் ஞானம். தோட்டத்தின் வழிகள் வளைந்து வளைந்து செல்வதும், ஒரு முற்றம் முடியும் இடத்தில் அடுத்தது சட்டென்று திறப்பதும் பாதை போடத் தெரிந்தவரின் கைவரிசை. கொர்புசியேயின் நகரத்தில் கோடுகள் நேரானவை. தூரத்திலிருந்தே எல்லாம் தெரிந்துவிடும். அந்த நேர்கோட்டுச் சாலைகளைப் பராமரிக்கச் சம்பளம் வாங்கியவர், ராத்திரியில் அடுத்த அடி எங்கே என்று தெரியாத பாதைகளைப் போட்டார். இருவரும் ஒரே சிமெண்டைத்தான் பயன்படுத்தினார்கள்.

1970களின் தொடக்கத்தில் அந்தப் பகுதிக்கு வந்த அரசுப் பணியாளர்கள் கண்ணில் தோட்டம் பட்டது. அதற்குள் ஏறத்தாழ 12 ஏக்கர் பரப்பில் முற்றங்களும் உருவங்களும் நிறைந்துவிட்டிருந்தன. சட்டப்படி பார்த்தால் ஆக்கிரமிப்பு; ஆக்கிரமித்தவர் அரசு ஊழியர். இடிக்க வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். நகரின் நிலவமைப்பு ஆலோசனைக் குழுவில் இருந்த எம். எஸ். ரந்தாவா போன்றவர்கள் இது காக்கப்பட வேண்டியது என்று நின்றார்கள். மக்கள் திரண்டு வந்து பார்க்கத் தொடங்கியதும் இடிப்பது இயலாத காரியமாயிற்று. 1976 ஜனவரி 24-ல் தோட்டம் முறைப்படி திறக்கப்பட்டது. நேக் சந்துக்குச் சம்பளமும் உதவிக்கு 50 தொழிலாளர்களும் கிடைத்தன. கூடவே ‘சப் டிவிஷனல் இன்ஜினியர், ராக் கார்டன்’ என்று ஒரு பதவிப் பெயர். கோப்பில் சிற்பி என்று ஒரு பதவி இல்லாததால் இன்ஜினியர் ஆக்கிவிட்டார்கள். தோட்டத்தில் உள்ள எந்த பொம்மைக்கும் குறையாத நகைச்சுவை இது, செய்தது அரசாங்கம்.

அதற்குப் பிறகு வேலை பெருகியது. இரண்டாம் கட்டத்தில் அருவிகள், ஓடைகள், மேட்டுச்சரிவில் அடுக்கிய மனிதர்களும் மிருகங்களும் வந்தன. மூன்றாம் கட்டத்தில் பெரிய வளைவுகளும், அவற்றிலிருந்து தொங்கும் ஊஞ்சல்களும், அரங்கங்களும் எழுந்தன. பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் விரிந்தது. நகரெங்கும் கழிவுப் பொருள் சேகரிக்க மையங்கள் வைத்தார்கள். உணவு விடுதிகளும் மருத்துவமனைகளும் உடைந்த பீங்கானை அனுப்பிவைத்தன. 1983-ல் தபால் தலை, 1984-ல் பத்மஸ்ரீ.

இந்த வளர்ச்சி முழுக்க ஆதாயம் என்று சொல்வதற்கில்லை. முதல் கட்டத்தின் முற்றங்கள் சிறியவை. ஒரு ஆள் இரவில் தனியாகத் தூக்கக்கூடிய எடைதான் அங்கே அளவுகோல். அதனால் உருவங்கள் பார்ப்பவரின் இடுப்பு உயரத்திலோ தோள் உயரத்திலோ நின்று அவரோடு உறவாடுகின்றன. மூன்றாம் கட்டத்தின் மாளிகைகளும் வளைவுகளும் பிரம்மாண்டத்துக்கு ஆசைப்பட்டவை. பிரம்மாண்டத்துக்கும் நகைச்சுவைக்கும் ஒத்துவருவது அரிது. அங்கே மக்கள் ஊஞ்சலாடி மகிழ்கிறார்கள் என்பது உண்மை; சிரிப்பு மட்டும் பழைய முற்றங்களிலேயே தங்கிவிட்டது. 50 தொழிலாளர்கள் கைப்பட்ட பிறகு எந்த உருவம் யாருடையது என்ற கேள்வியும் எழுகிறது. அவர்களின் பெயர்கள் தோட்டத்தைப் பற்றிய நூல்களில் அரிதாகவே கிடைக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்றால் முதலாம் ராஜராஜன் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இது புதிய செய்தியும் இல்லை.

பிற்காலத்தில் அவர் பழந்துணியைக் கம்பிக்கூட்டில் சுற்றித் தைத்தும் பொம்மைகள் செய்தார். ஆளுயர மனிதர்கள், குதிரைகள். வெயில் மழை தாங்காத இவற்றுக்குத் தோட்டத்திலேயே தனி அருங்காட்சியகம் ஒன்று பின்னர் அமைந்தது. சிமெண்ட் உருவங்களைவிட இவற்றின் கேலி கூர்மையானது. துணிக்குத் தொய்வு உண்டு. அதனால் இவர்களுக்கு வயதும் களைப்பும் வந்துவிடுகின்றன.

மேற்கில் இத்தகைய வேலைகளுக்கு ஒரு வகைப்பாடு ஏற்கெனவே தயாராக இருந்தது. பிரான்சின் ஓட்டரீவ் என்ற சிற்றூரில் ஃபெர்டினான் ஷெவால் என்ற தபால்காரர் 1879 முதல் 1912 வரை, தபால் கொடுக்கப் போகும் வழியில் பொறுக்கிய கற்களைக் கொண்டு ஒரு மாளிகை கட்டினார். லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் இத்தாலியக் கூலித்தொழிலாளி சைமன் ரோடியா 1921 முதல் 1954 வரை இரும்புக் கம்பி, சிமெண்ட், ஓட்டாஞ்சில்லு கொண்டு கோபுரங்கள் எழுப்பினார். ஓவியர் ஜான் துபுஃபே 1945-ல் இவ்வகை ஆக்கங்களுக்கு ‘ஆர் ப்ரூட்’ என்று பெயரிட்டார். 1972-ல் ராஜர் கார்டினல் ‘அவுட்சைடர் ஆர்ட்’ என்று நூல் எழுதினார். நேக் சந்த் வெளியே தெரியவந்தது இந்தப் பேச்சு சூடாக இருந்த காலம். இயல்பாகவே அவரை அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்கள்.

ஷெவாலுக்கும் ரோடியாவுக்கும் அவருக்கும் ஒற்றுமை நிறைய. மூவரும் கைவேலைக்காரர்கள், மூவருக்கும் சிமெண்டு, மூவருக்கும் பல ஆண்டுப் பிடிவாதம். ஆனால் ஷெவாலின் மாளிகை ஒருவருடைய கனவு. வாட்ஸ் கோபுரங்களில் மனித உருவமே இல்லை. நேக் சந்த் செய்தது ஒரு ஊர். பிரிவினையில் இழந்ததும், சண்டிகருக்காக இடிக்கப்பட்டதும் சேர்ந்த ஊர். அதன் குடிகள் அதில் நிற்கிறார்கள். வெளியாள் என்று அவரை அழைப்பதும் பொருந்தவில்லை. அவர் அரசுச் சம்பளம் வாங்கிய குடும்பஸ்தர். அவர் சொன்ன கதைகள் பஞ்சாபில் எல்லா வீட்டுத் திண்ணையிலும் சொல்லப்பட்டவை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளை குட்டிகளோடு கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருகிற ஜனங்களுக்கு அவர் உள்ளாள்தான்.

அமெரிக்காவில் வாஷிங்டன் நகரின் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்காக 1980களில் அவர் ஒரு தோட்டம் அமைத்துக் கொடுத்தார். அது நிலைக்கவில்லை, அருங்காட்சியகம் இடம் மாறியபோது உருவங்கள் சிதறின. விஸ்கான்சினில் உள்ள ஜான் மைக்கேல் கோலர் கலை மையத்தில் அவருடைய உருவங்களின் பெரிய சேகரிப்பு இருக்கிறது. வெள்ளைச் சுவருக்கு முன், அளவாக வெளிச்சம் போட்டு, தனித்தனியாகப் பார்க்கும்போது அவற்றின் கைவேலை துலக்கமாகத் தெரியும். ஆனால் கூட்டத்திலிருந்து பிரித்து எடுக்கப்பட்டவன் சிரிப்பு மூட்டுவதில்லை. கொஞ்சம் பரிதாபமாகத்தான் நிற்கிறான். பீடம் இந்தக் கலைக்குச் சத்துரு.

தோட்டத்துக்கு ஆபத்துகளும் வந்தன. 1990 வாக்கில் சாலை போடுவதற்காக புல்டோசர்கள் வந்தபோது பொதுமக்கள் குறுக்கே நின்று தடுத்தார்கள். 1996-ல் நேக் சந்த் அமெரிக்காவில் இருந்த சமயம், பணியாளர்கள் திரும்பப் பெறப்பட்டதால் காவலற்றுக் கிடந்த தோட்டத்துக்குள் விஷமிகள் புகுந்து பல உருவங்களை உடைத்துப் போட்டார்கள். அதையடுத்து 1997-ல் நேக் சந்த் அறக்கட்டளை தோன்றியது. வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் வந்து பழுது பார்க்க உதவினார்கள். இயற்கையும் தன் பங்கைச் செய்கிறது. கான்கிரீட்டுக்குள் ஈரம் இறங்கினால் கம்பி துருப்பிடித்து உப்பும்; உப்பினால் பூச்சு வெடித்துச் சில்லுகள் உதிரும். சைக்கிள் பாகங்களை எலும்பாக வைத்துச் செய்த உருவங்களுக்கு இது தீராத நோய். சில்லு விழுந்த இடத்தில் புதுச் சில்லு பதிக்கலாம். அது அவர் கை ஆகாது என்பதில் கறாராக இருக்க வேண்டியதில்லை. இன்னொரு சில்லு விழுந்துவிட்டதே என்று அழுகிற வகைக் கலை இல்லை இது.

அவர் 2015 ஜூன் 12 அன்று, தொண்ணூறு வயதில் காலமானார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 2025 பிப்ரவரியில், உயர் நீதிமன்றத்துக்குப் போகும் சாலையை அகலப்படுத்தவும் வாகனங்கள் நிறுத்தவும் இடம் வேண்டும் என்று தோட்டச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் போராடினார்கள். இடித்த பகுதி சிறியதுதான், வெளிச்சுவர்தான், சிலைகள் போகவில்லை என்று சமாதானம் சொல்லப்பட்டது. நேக் சந்தின் வேலையில் சுவர் வேறு சிலை வேறு அல்ல. டிரம்மில் ஊற்றி அடுக்கிய அந்தச் சுவர்களும் அதே குப்பையில், அதே கையால் எழுந்தவை. தபால் தலையும் பத்ம விருதும் கொடுத்துக் கொண்டாடிய ஒரு படைப்பு, கார் நிறுத்த இடம் போதவில்லை என்ற காரணத்தின் முன் நிற்க முடியவில்லை.

அவ்வளவு பேர் பெற்ற ஒன்றுக்கே இந்தக் கதி என்றால், பேர் பெறாதவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விசைத்தறிக் கழிவு நூலும், தீப்பெட்டிக் குச்சியும், சிவகாசி அச்சுக்கூடங்களின் வெட்டுக் காகிதமும் மலிந்த நம் வட்டாரத்தில், யாரும் கேட்காமல், யாருக்கும் விற்காமல் உருவங்கள் செய்துகொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டுத் திண்ணையிலோ தோட்டத்துக் கிணற்றடியிலோ அப்படி எதையாவது காண நேர்ந்தவர்கள், செய்தவரின் பெயரையும் ஊரையும் எழுதி, நாலு படமும் எடுத்து வைக்க வேண்டும். எடுக்கும்போது ஒரு பொம்மையை மட்டும் தனியாக எடுக்காமல், எல்லாவற்றையும் சேர்த்தே எடுக்கட்டும்.